வெள்ளை டைல்ஸில் நாற்பது ஜம்பர்

1

எங்கள் ஓசூர் வீட்டு மொட்டைமாடியில் இருந்த மண்புழுத் தொட்டியில், மண்புழுவைத் தவிர ஒன்பது வகை உயிர்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது நானும் அப்பாவும். விலங்கியல் பெயர்கள் அல்ல. அப்பா முப்பது வருடம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் உதிரிபாகங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தவர். ஆலைத் தளத்தில் எந்தப் பாகத்துக்கும் ஒரு கூப்பிடு பெயர் இருக்கும். அதே வழக்கத்தில் இவற்றுக்கும் வைத்தார்.

வெள்ளையாக, எள்ளில் பாதி அளவில், விரலை நீட்டினால் துள்ளிவிடுவது ஜம்பர். வெள்ளை நூல் துண்டுகளாகக் கொத்துக் கொத்தாக நெளிவது சேமியா. பழுப்பாக, உருண்டையாக, அவசரமே இல்லாமல் நடப்பது கடுகு. தொட்டவுடன் சுருண்டு குண்டாகிவிடுவது பேரிங் பால். சாம்பல் நிறத்தில், வளையம் வளையமாக, சதைப்பற்றோடு ஊர்ந்து வருவது ஒரு கறுப்பு ஈயின் புழு, அதற்கு டிராக்டர். மூடியைத் திறந்தவுடன் மூக்கில் மோதும் குட்டி ஈக்குக் கொசுறு. எறும்பு, மரவட்டை, பூரான் மூன்றுக்கும் ஏற்கெனவே பெயர் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவும் இருந்தது. ஜம்பர் பூஞ்சையைத் தின்னும், புழுவுக்குக் கெடுதல் இல்லை: ஏற்பு. எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள்: நிறுத்திவை, தண்ணீர் தெளி, மறுபடி பார். பூரான் புழுவைத் தின்னும்: மறுப்பு.

நான் ஐந்து வருடமாக ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். என் வேலையும் அப்பாவின் வேலைதான்: வண்டிப் பாகங்கள் வாங்கும் ஒரு நிறுவனத்துக்காக, பாகம் அனுப்புகிறவர்களின் பரிசோதனை அறிக்கைகளைச் சரிபார்ப்பது. அந்தத் தொட்டி இப்போது இல்லை. அதைவிடப் பெரியதொன்றும் போய்விட்டது. அது திரும்பி வராது. அதில் என் பங்கு எவ்வளவு என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

2

தொட்டி என்றாலும் அது ஆலையில் பாகங்கள் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் கிரேட்தான். ஓரம் உடைந்ததென்று கழித்துக் கட்டியவற்றில் மூன்றை, ஓய்வு பெறும்போது அப்பா கேட்டு வாங்கி வந்தார். அம்மா இறந்து அப்போது ஒரு வருடம். நான் ஓசூரிலேயே முதல் வேலையில் இருந்தேன். கிரேட்டின் அடியில் துளை போட்டு, தேங்காய் நார் பரப்பி, வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரரிடம் ஒரு கிலோ புழு வாங்கி வந்து விட்டது நான். ஒன்றரை வருடத்தில் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. கிளம்பும்போது அப்பாவிடம் விட்டுச் சென்ற பொருட்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. எரிவாயு இணைப்புப் புத்தகத்துக்கும் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் நடுவில் எழுதியிருந்தேன்.

பதிவேடு அப்பாவின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூடியைத் திறப்பார். மூன்று இடத்தில் ஒவ்வொரு பிடி எடுப்பார். குளியலறை கட்டியபோது மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் ஒன்றின் மேல் பரப்புவார். மூன்று நிமிடம் பார்ப்பார், எண்ணுவார். பிறகு போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கோடு போட்ட நீளமான நோட்டில் ஏழு கட்டங்கள்: தேதி, எடுத்த இடம், என்ன, எத்தனை, முடிவு, பரிசோதித்தவர், சரிபார்த்தவர். கடைசிக் கட்டத்தில் என் பெயர். நான் பதில் அனுப்பிய பிறகுதான் அதை நிரப்புவார்.

"நம்ம வீட்டுப் புழுவுக்கு ரெண்டு கையெழுத்து எதுக்குப்பா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பாத்தவனே சரின்னும் சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு ரிப்போர்ட்டு இல்ல மஞ்சு. கடுதாசி."

அளந்து பார்க்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எண்களை எழுதி நிரப்புவதை அவர்கள் ஆலையில் 'மேஜை ரீடிங்' என்பார்கள். அப்பாவுக்கு அதைவிடக் கேவலமான செயல் உலகத்தில் இல்லை. யாரையாவது முழுதாக வெறுக்க வேண்டுமென்றால், "அவன் மேஜை ரீடிங் ஆளு" என்பார். அரசியல்வாதிகளுக்கும் அதே சொல்தான்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா அவர்கள் மாடியில் துணி காயப்போட வரும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், காய் வாங்கும்போது கன்னடம். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாரா வாரம் கேட்கும்:

"ஏம் சார், அட்டெண்டன்ஸ் முடிஞ்சுதா? எத்தன பேரு லீவு?"

"ரெண்டு பூரான் வேல கேட்டு வந்துது. காலி இல்லன்னு அனுப்பிட்டேன்."

"எங்கூட்டுப் பக்கம் அனுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இதெல்லாம் போனில் எனக்குக் கேட்கும்.

3

இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் ஊர் காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். கடை கிடையாது. வீட்டில் தூசி உறிஞ்சும் கருவியைப் போட்டால் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டுவார். கண்ணாடிப் புட்டிகளைக் குப்பையில் போடக்கூடாது, சத்தம் கேட்கும். ஓசூரில் பதினொரு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே ஆறரை. அப்பாவின் படம் வரும்போது நான் படுக்கையில் இருப்பேன்.

முதல் வருடம் எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன். படத்தைப் பெரிதாக்கி, மடிக்கணினியில் பூச்சிப் படங்களோடு ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்வேன். சேமியாவைக் கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பா மூச்சு வாங்கக் கூப்பிட்டார்.

"மஞ்சு, குட்டி போட்டிருக்குது! நூறுக்கு மேல இருக்கும்!"

படத்தைப் பார்த்தேன். மண்புழுக் குட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் லேசான சிவப்பு இருக்கும். உள்ளே ஓடும் இரத்தக் கோடு தெரியும். இவை பால் வெள்ளை.

"அது குட்டி இல்லப்பா. வேற புழு. புளிப்பு ஏறினா அது பெருகும். என்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியே. காய்த்தோலு, டீத்தூளு… புளிச்சக்கை."

"எத்தன நாளா?"

"ரசம் வெக்கற அன்னிக்கெல்லாம்."

"எப்பெப்ப ரசம் வெப்பீங்க?"

"தெனமும்தான்."

அன்றைக்கு ஐம்பது நிமிடம் பேசினோம். முட்டை ஓட்டை நொறுக்கித் தூவச் சொன்னேன். சக்கையை நிறுத்தச் சொன்னேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தனியாக இருக்கிறீர்களே என்று நான் கேட்கவில்லை. ஆனால் என் அப்பா தினமும் வெறும் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த வெள்ளைப் புழுக்களால்தான் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து சரோஜா அக்கா ஒரு பொரியல் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தேன்.

தொட்டியைக் கேட்டால் வீடு தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரியும். இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு நான் கேட்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து பார்ப்பது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. வேலை கூடியது. மாலை நேரத்தில் மொழி வகுப்பு. அப்பாவோடு பேசும்போது என்னை அறியாமல் 'கெனாவ்' என்று சொல்ல ஆரம்பித்தேன். இங்கே 'ஆமாம், அதேதான்' என்பதற்கு மூச்சுக்கு மூன்று முறை சொல்வார்கள். "அது என்னாம்மா கெனாவ், கன்னடமா? நம்ம பக்கம் கேட்டதில்லியே" என்றார். சரோஜா அக்காவிடமும் விசாரித்திருக்கிறார். அதுவும் கன்னடத்தில் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டதாம்.

அப்பாவுக்கும் எல்லா உயிர்களும் பழகிவிட்டன. படத்தோடு அவரே பெயரையும் எழுதி அனுப்பினார். 'ஜம்பர் 40. கடுகு 12. சரியா?' நான் ஒரு கண்ணைத் திறந்து, 'சரிப்பா' என்று தட்டிவிட்டுப் புரண்டு படுத்தேன். அவர் என் பெயரை ஏழாவது கட்டத்தில் எழுதினார்.

4

போன பிப்ரவரியில், நான் வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது என்று ஒரு யோசனை வந்தது. பதிவேட்டின் எண்களை எல்லாம் வரைபடமாக்கி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு அப்பாவுக்கு அனுப்புவது. தரக் கட்டுப்பாட்டில் நாங்கள் போடும் மேலும் கீழும் எல்லைக்கோடு உள்ள படம். அவருக்குப் புரியும், சிரிப்பார். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். என்னத்துக்கு என்று இரண்டு முறை கேட்டார். சர்ப்ரைஸ் என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு அனுப்பினார்.

மாலை ரயிலில் உட்கார்ந்து எண்களை ஏற்றினேன். ஜம்பர்: 31, 58, 12, 44, 70. மழை, வெயில், தர்பூசணித் தோல் போட்ட வாரம் எல்லாம் அதில் ஏறி இறங்கியது. மூன்றே முக்கால் வருடம் கோடு அப்படித்தான் குதித்தது. பிறகு 40, 42, 40, 41, 40, 38, 40.

அதே வாரம் அலுவலகத்தில் ஒரு பாகம் அனுப்புகிறவரின் அறிக்கையை இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருந்தேன். அதில் இருபத்தைந்து அளவுகளும் ஒன்றுபோல இருந்தன. உண்மையாக அளந்த எண்கள் சிதறும். கையால் இட்டுக்கட்டியவை நடுவில் வந்து கூடும், மனம் எல்லையைத் தொட அஞ்சும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கோடு தட்டையானது பதினான்கு மாதங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிறு.

முதலில் அப்பாவுக்குத் தொட்டி அலுத்துப்போயிற்றோ என்று நினைத்தேன். பிறகு அந்தப் பதினான்கு மாதத்துப் படங்களை எடுத்தேன். அவை எல்லாம் என் போனிலேயே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் என் 'சரிப்பா' இருந்தது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். 'ஜம்பர் 40' என்று எழுதிய படத்தில் சேமியா கொத்தாக இருந்தது. இன்னொன்றில் டைல்ஸே பாதிதான் இருந்தது, மீதிப் படம் தரை. பதிவேட்டில் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, அடுத்த வரியின் மேல் போய் ஏறியிருந்தது.

நவம்பர் மாதத்துப் படம் ஒன்றில், மண்ணோடு மண்ணாக, ஒரு விரல் நீளத்தில் ஏதோ கிடந்தது. மண்புழு மாதிரி, ஆனால் வளையங்கள் இல்லை. முதுகில் நீளவாக்கில் கருங்கோடுகள். தலை பிறைவடிவில் அகன்றிருந்தது. அது மண்புழுவைச் சுற்றி வளைத்துக் கரைத்துக் குடிக்கும் தட்டைப்புழு. நர்சரியில் வாங்கும் செடிகளின் மண்ணோடு வரும். ஓசூரில் நர்சரிக்குப் பஞ்சமில்லை. ஒன்று வந்தால் போதும், எடுத்து உப்பில் போடாவிட்டால் தொட்டி காலியாகிவிடும். டைல்ஸின் நடுவில், அப்பாவின் கண்ணுக்கு முன்னால், அது அவ்வளவு பெரிதாகக் கிடந்தது. கீழே எழுதியிருந்தார்: 'ஜம்பர் 41. சரியா?'

'சரிப்பா.'

நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது.

5

உடனே கிளம்ப முடியவில்லை. என் வசிப்பு அட்டை புதுப்பிப்பில் இருந்தது. அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது உறுதியில்லை. போய்த் திரும்ப வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு தாள் தருவார்கள், அதற்கு நேரம் வாங்க வேண்டும். இணையத்தில் நேரம் கேட்டால் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: மரணம், உயிருக்கு ஆபத்தான நோய், திருமணம், மற்றவை. மற்றவையைத் தொட்டேன். ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை கிடைத்தது.

சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். அவசரமா என்று கேட்டார். அப்பாவுக்குக் கண் சரியில்லை என்றேன். மருத்துவச் சான்று கேட்டார். இல்லை, அவர் இன்னும் மருத்துவரிடம் போகவில்லை என்றேன். பிறகு எப்படித் தெரியும் என்றார். ஒரு வரைபடத்தில் பார்த்தேன் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அந்த ஐந்து வாரமும் ஞாயிறு படம் வந்தது. ஜம்பர் 40. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். டைல்ஸில் ஈர மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. போனில் கேட்டுவிடலாமா என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். கேட்டால் மழுப்புவார், நேரில் மழுப்ப முடியாது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். 'சரிப்பா' என்றே எழுதினேன்.

6

விமான நிலையத்திலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது அப்பா கேட்டில் நின்றிருந்தார். பக்கவாட்டில் போய் நின்ற என்னை, நான் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டீ போட்டுத் தந்தார், சிந்தாமல். வீட்டில் எல்லாப் பொருளும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆலையில் கருவிப் பலகையில் ஸ்பேனர்கள் மாட்டியிருப்பது மாதிரி.

தம்ளரைக் கீழே வைக்கக்கூட விடாமல் சரோஜா அக்கா என்னைச் சுவரோரம் கூப்பிட்டது.

"சார் படி எறங்கறப்ப எண்ணிக்கினே எறங்கறாரும்மா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. சாமிக்கு வேண்டுதலோன்னு நெனச்சேன்."

"எப்பத்துல இருந்து அக்கா?"

"நான் பாக்கறப்ப எல்லாம்தான். தெரியும்ல உனக்கு? நீ வாராவாரம் பேசறியே."

மறுநாள் ஞாயிறு. பதினொரு மணிக்கு மாடிக்குப் போனோம். அப்பா மூடியைத் திறந்தார். மூன்று இடத்தில் கை விட்டு எடுத்தார். டைல்ஸில் பரப்பினார். குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சரியாக மூன்று நிமிடம் அப்படியே நின்றார். எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. நோட்டை எடுத்து எழுதினார்.

மண்ணில் ஒன்றும் அசையவில்லை. மண்புழுகூட இல்லை. புளித்த வாடை மட்டும் வந்தது.

"எத்தனப்பா?"

"முப்பத்தொம்போது. கொஞ்சம் கொறைஞ்சிருக்குது. வெயில்."

"அப்பா, டைல்ஸ்ல ஒண்ணுமே இல்ல."

பேனா நின்றது. "எகிறிப் போயிருக்கும். ஜம்பர் நிக்குமா?"

"புழுவும் இல்லப்பா. எல்லாம் செத்துப்போச்சு. நவம்பர்லயே போயிருக்கும்."

நோட்டை மூடினார். மூடிய நோட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜா அக்கா, "என்னா சார், ஆபீசரம்மா வந்திருக்குது, எல்லாரும் ஆஜரா?" என்றது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

"நேராப் பாத்தா ஏதோ கொஞ்சம் தெரியுது மஞ்சு," என்றார் அப்பா. "சுத்தி இருக்கறதுதான் தெரியல. எல்லாம் சாம்பல் பூசுனாப்பல இருக்குது."

7

கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சீராக அழுத்தினார். பாதியில் அந்தப் பரிசோதனைப் பெண் நிறுத்தினார்.

"அய்யா, லைட் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. லைட்டே வராதப்பவும் அமுக்கறீங்க. மெஷின் காட்டிக் குடுத்துடுது."

அப்பா கிண்ணத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "சரிம்மா," என்றார். இரண்டாவது முறை அந்த அறையில் பொத்தான் சத்தம் அநேகமாகக் கேட்கவே இல்லை.

மருத்துவர் படத்தைக் காட்டினார். கறுப்பு வட்டத்துக்கு நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெள்ளை, அப்பாவுக்குத் தெரிவது அவ்வளவுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொல்லும் நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே வரும்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசமா," என்றார் அப்பா.

"பதினாறு மாசம்," என்றேன் நான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்பவே வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாம்," என்றார் மருத்துவர். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். "போன நரம்பு போனதுதான். மிச்சத்துக்குத்தான் சொட்டு மருந்து. மூணு வேள, ஆயுசுக்கும். வேள தவறினா எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிய வர்றப்போ அதுவும் போயிருக்கும்."

அப்பாவை என்னோடு அழைத்துப் போகும் வழிகளையும் விடுப்பில் இருந்த இரண்டு வாரத்தில் நான் தேடிப் பார்த்தேன். மூன்று மாதச் சுற்றுலா விசா உண்டு. இருக்கும் நோய்க்கு எந்தக் காப்பீடும் பொறுப்பேற்காது. நிரந்தரமாகப் பெற்றோரைக் கூட்டிப் போக, வேறு வழியே இல்லாத கடுந்துயரம் என்று நிரூபிக்க வேண்டும். சமையல் செய்து, படி எண்ணி இறங்கும் ஒருவருக்கு அது பொருந்தாது. நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். "வந்து? நீ என்னா டாக்டரா?" என்றார். ஆனாலும் வருகிறேன் என்ற அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

8

கிளம்புவதற்கு முந்தைய நாள் பிற்பகல், அப்பா பதிவேட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"தப்பான பக்கம் எல்லாத்தையும் கேன்சல் பண்ணு. குறுக்குக் கோடு போட்டு, காரணம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா முன்னால இருக்கற நல்ல பக்கத்துக்கும் மதிப்பில்ல."

"விடுங்கப்பா, இது நம்ம வீட்டு நோட்டு."

"மேஜை ரீடிங் மஞ்சு. நான் எழுதுனது."

கோடு போட ஆரம்பித்தேன். அறுபது ஞாயிறுக்கு மேல் இருந்தது. சில பக்கங்கள் தாண்டியதும் சொன்னேன்: "சரிபாத்ததும் தப்புதாம்பா. நான் படத்தைத் தொறந்தே பாக்கல. அப்படியே சரின்னு போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"படம் போய்ச் சேந்துச்சுன்னு டிங்குன்னு ஒரு சத்தம் வரும். அடுத்த டிங்கு உன் பதிலு. ரெண்டுக்கும் நடுவுல மூச்சு விட நேரமிருக்காது. அதுக்குள்ள நாப்பது ஜம்பர எவன் எண்ணுவான்?" சிரித்தார். "அந்த தைரியத்துலதான் எழுதுனேன்."

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கோடு போட்டேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். "நானாச் சொன்னா அப்பறம் ஞாயித்துக்கெழம புழுவப் பத்தி பேச மாட்ட. கண்ணப் பத்தித்தான் பேசுவ."

கடைசிப் பக்கம் வந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னா எழுதுற? படி."

"சரிபார்த்தவர்: பார்க்கவில்லை. பரிசோதித்தவர்: பார்க்க முடியவில்லை."

"ரெண்டுக்கும் பார்க்கவில்லைன்னே போடு. எதுக்குத் தனித்தனியா."

அவர் சொன்னபடி திருத்தினேன். அவர் விரலைப் பிடித்துக் கட்டத்தில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன். கிரேட்டுகளைக் கழுவிச் சரோஜா அக்காவிடம் கொடுத்தோம். வெங்காயம் போட்டுவைக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டது.

9

இப்போது ஞாயிறு என்றில்லை, தினமும் கூப்பிடுகிறேன். அங்கே இரவு எட்டு மணி, மூன்றாவது சொட்டுக்கான நேரம். வசிப்பு அட்டை வந்துவிட்டது. மூன்று வருடத்துக்குக் கவலையில்லை.

வீடியோவில் காட்டச் சொன்னேன். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் சொட்டு விட முடியாது. விட்டாலும், சொட்டு கண்ணுக்குள் விழுகிறதா கன்னத்தில் விழுகிறதா என்று எனக்குத் தெரியாது. சரோஜா அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "பாட்டில் அங்கியே இருக்குதும்மா. காலியாவுதா நெறையுதா, நான் என்னா கண்டேன்?" என்றது.

நேற்று அழைப்பு நான்கு நிமிடம்.

"மருந்து போட்டீங்களாப்பா?"

"போட்டேன்மா."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்:

"நீ மத்தியானம் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்," என்றேன். அரிசி இன்னும் கழுவாமல் இருந்தது.

"என்னா கொழம்பு?"

"கீரை."

"நல்லது," என்றார் அப்பா.